ஏரிக்கு அடியில் கிடக்கும் எங்கள் பழைய கழிவுநீர்க் குழாய்: பரிசோதித்துத் தூர் எடுத்த சேவை எப்படி இருந்தது?

எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் முழுவதும் ஏரிக்கு அடியில் கிடக்கும் ஒரே ஒரு வார்ப்பிரும்புக் குழாய் வழியாகத்தான் அக்கரை சேர்கிறது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாய் 1986ஆம் ஆண்டு பதிக்கப்பட்டது. போன தை மாதம் அதன் உட்புறத்தைக் கருவிகள் கொண்டு பரிசோதித்து, வைகாசியில் தூர் எடுத்துக் கழுவிக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் பணியைப் பற்றி, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக அந்த இரவுகளில் கூடவே நின்று பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வெளியிடுவதில்லை என்று பொதுக்குழுவில் முடிவு செய்திருக்கிறோம். பெயர் இல்லாமலும் இது பயன்படும் என்றே நம்புகிறேன். ஏரி, கால்வாய், குளம் என்று ஏதோ ஒரு நீர்நிலைக்கு அடியில் பழைய குழாய் வைத்திருக்கும் குடியிருப்புகள் இந்த வேலையை யாரிடம் கொடுத்தாலும், எதைக் கேட்க வேண்டும், எதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்பது இதிலிருந்து தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணம் வீண்போகவில்லை. கழுவியதற்குக் கொடுத்ததைவிடப் பரிசோதித்ததற்குக் கொடுத்த பணமே எங்களுக்கு அதிகப் பயன் தந்தது. குறைகளும் இருந்தன, அவற்றையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

சென்னையின் மேற்குப் புறநகரில், ஊழியர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று மனை பிரித்துக் கட்டிய 112 வீடுகள் எங்களுடையவை. அந்நாளில் ஏரியின் இந்த மூலை பங்குனிக்குள் வற்றி வெடித்துவிடும். அப்படி வறண்டு கிடந்த ஏரியின் உட்பரப்பில் பள்ளம் தோண்டி, குழாய்களை ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகி, மூட்டு இடைவெளியில் சணலைத் திணித்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, ஆறியதும் உளி வைத்து அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பின்னர் ஏரியைத் தூர் வாரி ஆழப்படுத்தினார்கள். கரையையும், உபரிநீர் வழியும் கலங்கலையும் உயர்த்தினார்கள். ஒரு காலத்தில் ஆண்டில் நான்கு மாதம் மட்டும் தண்ணீருக்கு அடியில் இருந்த குழாய், இன்று ஓரப்பகுதியைத் தவிர ஆண்டு முழுவதும் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கிறது. 2011இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது எங்கள் பகுதியும் உள்ளே வந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அக்கரைச் சாலைக்குக் குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை வந்து சேர்ந்தது. அதுவரை கழிவு போய் விழுந்துகொண்டிருந்த அக்கரைத் தொட்டியை இரண்டு மோட்டார்கள் பொருத்திய சம்ப்பாக மாற்றி, அங்கிருந்து சாலை மேன்ஹோலுக்கு ஏற்றிவிடுகிறோம். ஆனால் இக்கரை மேன்ஹோலுக்கும் அக்கரைச் சம்ப்புக்கும் இடைப்பட்ட 210 மீட்டர் இன்றும் எங்கள் பொறுப்பு. அந்த நீளத்தில் இடையில் ஒரு மேன்ஹோல்கூடக் கிடையாது. ஏரிக்கு நடுவில் எப்படி இருக்கும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தள வீடுகளின் குளியலறைகளில் கழிவுநீர் எதிர்த்து ஏறியது. மின்சாரம் இல்லாமல் மோட்டார்கள் நின்றதுதான் காரணம் என்று அப்போது எல்லோரும் சமாதானம் அடைந்தோம். அடுத்த ஆண்டு ஐப்பசியில், மின்சாரமும் இருந்து மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாதாரண மழை நாளிலேயே தெற்குத் தெருவின் இரண்டு வீடுகளில் மறுபடியும் அதே கதி ஆனது. அதன் பிறகே சம்ப் மோட்டார்கள் ஓடும் நேரத்தைக் காவலாளியிடம் ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன். கோடையில் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடிய மோட்டார்கள், ஏரி நிரம்பிய மாதத்தில் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் ஓடின. வீடுகளின் எண்ணிக்கை கூடவில்லை. மழைநீர் வடிகாலும் தனியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இந்தக் கூடுதல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, அதுவரை அடைப்பு எடுக்க வந்துபோன எவரிடமும் விடை இல்லை.

அவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒரு முறை, அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் வண்டியை வரவழைத்து, "முழுவதும் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிய ரசீதை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறோம். அந்த வண்டிகளின் ரப்பர் குழாய் 60 மீட்டர்தான். இக்கரையிலிருந்து 60, அக்கரையிலிருந்து 60 என்று கணக்குப் போட்டாலும் நடுவில் 90 மீட்டர் எந்தத் தண்ணீரும் படாமலே இருந்திருக்கிறது. இந்தச் சின்னக் கணக்கை நாங்கள் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது. அதைவிட வருத்தம் தருவது வேறொன்று. 2009ஆம் ஆண்டு, இக்கரை மேன்ஹோலில் அடைப்பு எடுப்பதற்காக வந்த ஒருவர் இடுப்பில் கயிறு ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், தடுக்கவில்லை. அவர் பத்திரமாக மேலே வந்தார், தேநீர் குடித்தார், கூலி வாங்கிக்கொண்டு போனார். வராமலும் போயிருக்கலாம்.

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சாக்கடைக்குள்ளோ கழிவுத்தொட்டிக்குள்ளோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்துவது குற்றம். முதல் முறையிலேயே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். "மறைமுகமாக" என்ற சொல்லைக் குடியிருப்போர் சங்கங்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்தானே ஆள் அனுப்பினார் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சாக்கடைக்குள் இறங்கி நேரும் மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆகவே, எந்த நிலையிலும் ஆள் உள்ளே இறங்கக்கூடாது என்பதையே விலைப்புள்ளி கேட்ட கடிதத்தின் முதல் வரியாக எழுதினோம். வந்த நால்வரில் ஒருவர், "தேவைப்பட்டால் பையன் ஒருத்தன் இறங்கிப் பார்த்துடுவான் சார்" என்று மிக இயல்பாகச் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். இன்னொருவர் ஐஐடி மெட்ராஸில் உருவான, கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்யும் ஹோமோசெப் இயந்திரத்தைப் பற்றிக் கூறினார். நல்ல கருவிதான், ஆனால் அது தொட்டிக்கானது. 210 மீட்டர் நீளக் குழாய்க்கு அதனால் பயனில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனம் மட்டும்தான் விலை சொல்வதற்கு முன்பு மோட்டார் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தது. அதன் மேற்பார்வையாளர் சொன்னது இதுதான்: "சார், முதல்ல பார்ப்போம், அப்புறம் கழுவுவோம். பார்க்கிறதை ஏரி நிறைஞ்சிருக்கும்போது பார்க்கணும், கழுவுறதை ஏரி இறங்கினப்புறம் கழுவணும்."

தை மாதத்தில் ஓர் இரவு, இரண்டு மணிக்கு அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். வீடுகளில் எல்லோரும் உறங்கும் அந்த நேரத்தில் கழிவுநீர் அநேகமாக இருக்காது. அப்போதும் குழாயில் ஓடுவது எதுவோ, அது கசிந்து வந்த நீர் என்பது அவர்கள் கணக்கு. இக்கரை மேன்ஹோலில் உள்ளே போகும் நீரையும், அக்கரைச் சம்ப்பில் வந்து விழும் நீரையும் ஒரே நேரத்தில் அளந்தார்கள். உள்ளே போனது நொடிக்கு 0.1 லிட்டர். வெளியே வந்தது 1 லிட்டர். வித்தியாசமான 0.9 லிட்டரை ஒரு நாளுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 78,000 லிட்டர் ஆகிறது. 9,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எட்டுக்கும் மேல். கோடையில் இதே ஊரில் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற நாங்கள், மழைக்காலத்தில் நாளுக்கு எட்டு லாரி ஏரி நீரைச் சாக்கடையில் கலந்து, மின்சாரம் செலவழித்து வெளியே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மேன்ஹோல் மூடியைத் திறந்த முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூடியை ஒரு கையளவு மட்டும் நகர்த்தி, வாயுமானியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்கள். சாக்கடையில் உண்டாகும் நச்சுவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 46 பங்கு என்று காட்டிக் கருவி அலறியது. அந்தக் கருவியின் எச்சரிக்கை அளவு 10. பிறகு இரு கரைகளிலும் மூடிகளை முழுவதும் திறந்துவிட்டு, ஊதுவிசிறி வைத்து, முக்கால் மணி நேரம் எல்லோரையும் தள்ளி நிற்கச் செய்தார்கள். மறுபடி அளந்தபோது 4. அந்த இடைவெளியில் மேற்பார்வையாளர் விளக்கியதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. இந்த வாயு மிகக் குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். 100 பங்கை எட்டினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றமில்லை, இறங்கலாம் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. 2009இல் இறங்கிய அந்த மனிதருக்கு எத்தனை பங்கு இருந்திருக்கும் என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன்.

அடுத்த நாள் இரவு உட்புறப் பரிசோதனை. அன்று வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். பத்தரை மணிக்கு மேல் துணி துவைக்கும் இயந்திரம் போடக்கூடாது, தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடக்கூடாது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டோம். காற்றடைத்த ரப்பர் பலூன் ஒன்றை இக்கரையில் குழாயின் வாயில் பொருத்தி வரத்தை நிறுத்தினார்கள். உள்ளிருந்த நீரை முழுவதும் இறைத்துவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். பாதிக்கு மேல் இறைக்க முடியாது என்று அவர்கள் உறுதியாக மறுத்தார்கள். வெளியே ஏரி நீர் அழுத்திக்கொண்டிருக்கிறது; உள்ளே நீர் இருக்கும்வரை அது ஓரளவு எதிர்த்து நிற்கும். உள்ளிருப்பதை வெறுமையாக்கினால், திறந்த மூட்டுகள் வழியாக ஏரி நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு பாயும். குழாயைச் சுற்றிப் பொந்து விழும். தாங்குவதற்கு மண் இல்லாத குழாய் உட்கார்ந்துவிடும். இந்த ஒரு மறுப்புக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

பாதி நீரும் பாதி காற்றுமாக இருக்கும் குழாயில் ஒரு கருவி மட்டும் போதாது. கேமரா நீருக்கு மேலே பார்க்கும், கலங்கிய நீருக்குள் பார்க்காது. சோனார் என்ற ஒலிமானி நீருக்குள் ஒலி அலையை அனுப்பி அடியில் படிந்த கசட்டின் உயரத்தை வரைந்து காட்டும், காற்றில் அதற்கு எதுவும் தெரியாது. இரண்டையும் ஒரு சின்ன மிதவையின் மேலும் கீழுமாகப் பொருத்தி, கயிற்றில் கட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். ஏரிக்கரையில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, ஓர் இளம் பெண் பொறியாளர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நானும், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் நின்றோம்.

முதல் 30 மீட்டர் பார்க்கவே சங்கடமாக இருந்தது. குழாயின் கூரை மரப்பட்டை போலச் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. நீரில் ஊறும் சுவரில் படிந்த வழுவழுப்பான படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அது மேலே காற்றில் ஏறி, ஈரமான கூரையில் கரைகிறது. அங்கே வேறு நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. குழாய் கூரையிலிருந்து அரிக்கப்படுவது இதனால்தான் என்று அந்தப் பொறியாளர் சொன்னார். அப்படியென்றால் நடுவில் இன்னும் மோசமாக இருக்குமே என்று ஆசிரியர் கேட்டார். "இல்லைங்க ஐயா, நடுவுல குழாய் தொப்பை விழுந்து எப்பவும் நிறைஞ்சே இருக்கு. காத்தே இல்ல, அதனால கூரை அங்க நல்லா இருக்கும். ஆனா அடியில மண்ணு இருக்கும்" என்றார் அவர். அப்படியே இருந்தது. 95 மீட்டரிலிருந்து 135 மீட்டர் வரை குழாய் லேசாகக் கீழே தொய்ந்திருந்தது. சோனார் வரைந்த வட்டத்தில் அடிப்பகுதி தட்டையாகத் தெரிந்தது. 300 மில்லிமீட்டரில் 140 மில்லிமீட்டர் கசடு. நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகமாவது இருந்தால்தான் ஓடும் கழிவுநீர் படிந்த கசட்டைத் தானே அடித்துக்கொண்டு போகும். 112 வீட்டுத் தண்ணீருக்கு இவ்வளவு பெரிய குழாயில் அந்த வேகம் நாளில் சிறிது நேரம்கூடக் கிடைப்பதில்லை.

64ஆவது மீட்டரில் இருந்த குழாய் மூட்டு ஒன்றை மறக்க முடியாது. ஈயம் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருந்தது. அந்த இடைவெளியிலிருந்து, கறுத்த சுவரின் மேல், கண்ணாடி நூலைப் போல ஒரு மெல்லிய நீர்த்தாரை வளைந்து விழுந்துகொண்டிருந்தது. பொறியாளர் மிதவையை நிறுத்தி, விளக்கைக் கூட்டி, கேமராவை அதன் பக்கம் திருப்பினார். "சார், இது சாக்கடைத் தண்ணி இல்ல. ஏரித் தண்ணி" என்றார். அடுத்த 50 மீட்டருக்குள் இதேபோல நான்கு மூட்டுகள். இரவு அளவீட்டில் எண்ணாக இருந்தது இங்கே கண்முன் ஓடியது.

அப்போதுதான் எங்கள் காவலாளிப் பெரியவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். சித்திரையில் ஏரி இறங்கி ஓரம் தெரியும்போது, இந்த இடத்தில் மட்டும் சம்பங்கோரை ஒரே கோட்டில் பச்சையாக நிற்கும், மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும் என்றார். பொறியாளர் உடனே அதைக் குறித்துக்கொண்டார். மழைக்காலத்தில் ஏரி மட்டம் உயர்ந்திருப்பதால் ஏரி நீர் குழாய்க்குள் வருகிறது. கோடையில் ஏரி இறங்கி, நடுவில் அடைத்த கசட்டினால் குழாய்க்குள் கழிவு தேங்கி மட்டம் உயரும்போது, அதே மூட்டு வழியாகக் கழிவு ஏரிக்குப் போகிறது. அந்தக் கோரை எங்கள் கழிவில்தான் வளர்ந்திருக்கிறது. ஏரி கெட்டுப்போனதற்கு மேல்கரைத் தொழிற்சாலைகளையும் லாரிக்காரர்களையும் பல ஆண்டுகளாகக் குறை கூறி மனு எழுதியிருக்கிறோம். அவர்கள் பங்கு அவர்களுக்கு இருக்கட்டும், எங்கள் பங்கும் இதில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வைகாசியில் ஏரி நன்றாக இறங்கிய பிறகு கழுவ வந்தார்கள். 150 மீட்டர் ரப்பர் குழாய் சுற்றிய ஜெட்டிங் வண்டி ஒன்றும், உறிஞ்சும் லாரி ஒன்றும் வந்தன. ஜெட் முனையில் பின்னோக்கிப் பீய்ச்சும் துளைகள் இருக்கும். அந்த விசையில் முனை தானே முன்னேறும், திரும்ப இழுக்கும்போது கசட்டை மேன்ஹோலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும், அங்கே லாரி உறிஞ்சிக்கொள்ளும். வழக்கமாக 150 கிலோ அழுத்தத்தில் அடிப்பார்களாம். அரித்துப்போன கூரையை எண்ணி 80 கிலோவுக்கு மேல் ஏற்றவே இல்லை. அதனால் ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று நாளானது. ஒரே இடத்தில் முனையை நிறுத்தி வைத்து அடிக்கவும் இல்லை.

வெளியே வந்தது பற்றி. முதல் நாள் வந்தது எதிர்பார்த்த கறுப்புக் கசடு, முடி, துணி, எண்ணெய்க் கட்டி. இரண்டாம் நாள் தொய்வுப் பகுதியைத் தொட்டதும் நிறம் மாறியது. சாம்பல் நிறக் களிமண் குழம்பாக வந்தது. அதில் பொடி நத்தை ஓடுகள் நிறைய இருந்தன. சல்லடையில் தங்கியவற்றில் ஒரு பிடியை மேற்பார்வையாளர் கழுவி என் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை, ஏரி ஓரத்தில் எங்கும் கிடப்பவை. எந்த வீட்டுக் கழிவறையிலிருந்தும் நத்தை ஓடு வராது. ஏரியின் அடிமண் குழாய்க்குள் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. லாரியில் ஏற்றிய கசட்டைக் குடிநீர் வாரியம் அனுமதித்த நிலையத்தில் இறக்கியதற்கான சீட்டை ஒவ்வொரு நடைக்கும் கொடுத்தார்கள். இதைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாத லாரி எங்கே கொட்டியிருக்கும் என்று நாம் அறிவோம்.

118ஆவது மீட்டரில் நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒரு குழாயின் முனை அடுத்ததைவிட இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. 118 முதல் 129 வரையான 11 மீட்டரில் ஜெட் அடித்தால், சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்து உள்ளே வந்துவிடும் என்று கூறி, இரு பக்கமும் அதன் விளிம்புவரை மட்டும் கழுவினார்கள். முழு நீளத்துக்கும் பணம் வாங்கிவிட்டு 11 மீட்டரை விட்டுப்போகிறார்களே என்று எங்கள் உறுப்பினர்கள் சிலர் சண்டைக்கே போனார்கள். என் கருத்து வேறு. ஏரிக்கு நடுவில் குழாய் உடைந்தால் 112 வீட்டின் கழிவு போக வழியில்லாமல் நிற்கும், ஏரியும் சம்ப்பும் ஒன்றாகிவிடும். தெரிந்தே விட்டுவைத்து, விட்டதை எழுத்தில் தந்ததுதான் நேர்மையான வேலை. அந்த 11 மீட்டருக்கான கழுவு கட்டணத்தைக் கழித்தும் கொடுத்தார்கள். ஆனால் நாங்கள் கேட்ட பிறகுதான் கழித்தார்கள். தாமாகவே செய்திருக்க வேண்டும்.

மற்றக் குறைகள். விலைப்புள்ளியில் "உட்புறப் பரிசோதனை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். சோனாருக்குத் தனிக் கட்டணம் என்பது வேலைக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. அறிக்கை பத்து நாளில் வரும் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. வந்ததும் முழுக்க ஆங்கிலத்தில், மூட்டுக்கு மூட்டு குறியீட்டு எழுத்துகளும் 1 முதல் 5 வரை தர எண்களுமாக இருந்தது. 5 என்றால் நல்லது என்று எங்கள் பொருளாளர் நினைத்துக்கொண்டிருந்தார். 5தான் மிக மோசம். பணம் கொடுப்பவர்கள் 112 குடும்பங்கள், அதில் பாதிப்பேருக்கு மேல் தமிழில்தான் படிப்பார்கள். இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் கேட்டோம். பொறியாளரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து படம் படமாகக் காட்டி விளக்கினார். அந்தக் கூட்டம் மிக நன்றாக இருந்தது என்றாலும், எழுத்தில் ஒன்று இருந்திருக்க வேண்டும். கரையில் லாரி ஏறியதில் நடைபாதைக் கற்கள் சில உடைந்தன; அதைச் சரிசெய்ய இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

பரிசோதனை, கழுவுதல், கழுவிய பின் மறுபடி கேமரா ஓட்டிக் காட்டியது எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 4,200 ரூபாய் ஆனது. அதிகம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு மக்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினார்கள். கால் நூற்றாண்டுக்கு முந்தைய 5,000 அது. அதோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடிய தொகை என்பது என் எண்ணம். பழைய முறையில் ஆண்டுதோறும் கொடுத்து வந்ததைக் கூட்டிப் பார்த்தாலும், குழாயின் நடுப்பகுதியைத் தொடாத வேலைக்கு இதைவிட அதிகம் கொடுத்திருக்கிறோம்.

இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி மறுபடி நிரம்பியது. எந்த வீட்டிலும் கழிவுநீர் எதிர்த்து ஏறவில்லை. ஆனால் மோட்டார்கள் அதே பன்னிரண்டு மணி நேரம் ஓடுகின்றன. இதை நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது: கழுவினால் வழி கிடைக்கும், கசிவு நிற்காது, மூட்டு இடைவெளியை அடைத்திருந்த மண் போய்விடுவதால் கசிவு சற்றுக் கூடவும் செய்யலாம். கசிவை நிறுத்த வேண்டுமானால் குழாய்க்குள் பிசினில் ஊறிய துணியுறையை நுழைத்து, ஊதி விரித்து, சூடாக்கி இறுகச் செய்யும் முறை இருக்கிறது. 1971இல் லண்டனில் முதன்முதலாகச் செய்யப்பட்ட முறை அது. தோண்ட வேண்டியதில்லை என்பதால் ஏரிக்கு அடியில் இருக்கும் குழாய்க்கு ஏற்ற வழிகளில் அது ஒன்று. கசியும் மூட்டுகளை முதலில் அடைத்த பிறகுதான் உறை பிடிக்கும், இறங்கிப்போன அந்த மூட்டில் உறை மடிந்துவிடவும் கூடும் என்பதால், இப்போதைக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். பெரிய ஒப்பந்தம் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அப்படி எழுதினார்கள் என்பதை நான் கவனிக்கிறேன்.

வரும் தை மாதம் அந்த 11 மீட்டரை மட்டும் மறுபடி சோனார் வைத்துப் பார்க்க அவர்களையே கூப்பிட்டிருக்கிறோம். இம்முறை விலைப்புள்ளியில் சோனாரைத் தனி வரியாகவும், தமிழ்ச் சுருக்கத்தை 15 நாளுக்குள் தரவேண்டிய பொருளாகவும் எழுதி வாங்கியிருக்கிறேன். அன்றிரவும் பத்தரை மணிக்கு மேல் தண்ணீர் திறக்காமல் இருக்க வேண்டும் என்று வீடுகளுக்குச் சொல்லியாகிவிட்டது.